பழைய ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸில் வேறு எஞ்சின்: ஃபிளெக்ஸ் பிளேட்டின் எடை எதற்குச் சொந்தம்?

9 ஜூன், காலை. பாவூர்சத்திரத்திலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

அண்ணாச்சி, பெரியப்பா வைத்திருந்த செவர்லே இம்பாலாவில் 350 கன அங்குல வி8 எஞ்சினும், டர்போ ஹைட்ராமேட்டிக் 350 என்ற மூன்று கியர் ஆட்டோமேட்டிக் பாக்ஸும் இருக்கின்றன. தண்ணீர் வற்றியது தெரியாமல் ஓட்டியதில் பிளாக் கீறிவிட்டது. கொச்சியில் ஒரு படகிலிருந்து கழற்றிய 350 எஞ்சின் கிடைத்ததால் வாங்கி வந்துவிட்டேன். கியர் பாக்ஸ் நன்றாக இருப்பதால் அதை மாற்ற விருப்பமில்லை. எஞ்சினின் சுற்றைக் கியர் பாக்ஸ் பக்கத்துக்குக் கொடுக்கும் மெல்லிய வட்டு, அதாவது பழைய ஃபிளெக்ஸ் பிளேட்டை, புதிய எஞ்சினின் கிராங்கில் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டில்) வைத்துப் பார்த்தால் போல்ட் துளைகள் பொருந்தவில்லை. லேத்தில் காட்டியபோது, துளையை மாற்றிப் போட்டுத் தருவதாகவும் ஒரு மணி நேர வேலைதான் என்றும் சொன்னார்கள். போட்டுவிடலாமா?

9 ஜூன், இரவு

வேண்டாம், தம்பி. அந்தப் பிளேட்டில் ஒரு துளைகூடப் போட வேண்டாம்.

துளை பொருந்தாதது ஒரு குறை அல்ல. தவறு நடக்காமல் தடுப்பதற்கு அது ஒன்றுதான் உங்களிடம் இருக்கிறது. 1985 வரை வந்த 350 எஞ்சின்களில் கிராங்கின் பின்பக்க ஆயில் சீல் இரண்டு துண்டாக இருக்கும். பிளேட்டைப் பிடிக்கும் போல்ட்டுகளின் வட்டம் 3.58 அங்குலம், அதாவது சுமார் 91 மி.மீ. 1986 முதல் சீல் ஒரே துண்டாக மாறியது. போல்ட் வட்டமும் 3 அங்குலமாக, சுமார் 76 மி.மீ. ஆகச் சுருங்கியது. உங்களிடம் வந்திருப்பது பிந்திய வகை என்று நினைக்கிறேன். வால்வு கவரின் போல்ட்டுகள் ஓரத்தில் இல்லாமல் நடுவில் வரிசையாக இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்லுங்கள். இருந்தால் அந்த ஹெட் 1987 வாக்கிலிருந்து வந்த வகை.

இந்த மாற்றத்தில் சீலைவிட முக்கியமான ஒன்று நடந்தது. பழைய கிராங்கின் பின்பக்க ஃபிளேஞ்சிலேயே, அதாவது பிளேட் மாட்டும் முனைத் தட்டிலேயே, சுழலும்போது அதிராமல் சமன்செய்யும் எதிரெடைக்கான உலோகம் ஒரு பக்கமாக வார்க்கப்பட்டிருக்கும். ஒரே துண்டுச் சீல் உட்கார வேண்டுமானால் ஃபிளேஞ்சு முழு வட்டமாக இருந்தாக வேண்டும். ஆகவே அந்த எடையைக் கிராங்கிலிருந்து எடுத்து ஃபிளெக்ஸ் பிளேட்டில் ஒட்டிவிட்டார்கள். பழைய பிளேட் தன்னளவில் நடுநிலையானது. எந்தப் பக்கமும் சாயாது. புதிய எஞ்சினுக்கோ ஒரு பக்கம் கனமான பிளேட்தான் வேண்டும், ஏனென்றால் கிராங்கின் மீதி எடை அந்தப் பிளேட்டில்தான் இருக்கிறது. பழைய பிளேட்டைத் துளைத்து மாட்டினால் எஞ்சின் ஓடும். ஆனால் ஓடுகிற ஒவ்வொரு சுற்றிலும் அதன் எடையில் ஒரு பகுதி இல்லாமலே ஓடும்.

10 ஜூன்

நேற்று எழுதியதில் அளவு சொல்லாமல் விட்டேன். அளவு தெரியாதவரைக்கும் இது வெறும் மிரட்டலாகத்தான் தோன்றும்.

மையத்திலிருந்து 15 செ.மீ. தள்ளி 100 கிராம் எடை கூடுதலாகவோ குறைவாகவோ இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் நிமிடத்திற்கு 1500 சுற்று ஓடும்போது அது கிராங்கை ஏறத்தாழ 38 கிலோ பாரத்தோடு வெளியே இழுக்கும். 3000 சுற்றில் அது இரட்டிப்பாகி 76 ஆகும் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். ஆகாது; 150 கிலோ ஆகும். சுற்று இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகும். அந்த 150 கிலோவும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. நொடிக்கு 50 முறை கிராங்கைச் சுற்றிச் சுற்றி இழுக்கிறது. பின்பக்க மெயின் பேரிங் தேயும், ஆயில் சீல் கசியும், பிளேட் போல்ட்டைச் சுற்றி வெடிக்கும், கியர் பாக்ஸின் முன் பம்பு புஷ் அடிபடும். கடைசியில் நல்ல கியர் பாக்ஸும் கெட்டுவிட்டது என்று சொல்வோம். அதைக் கெடுத்தது எஞ்சின் பக்கத்துப் பிளேட் என்பது யாருக்கும் தோன்றாது.

10 ஜூன், மாலை

கேட்டதை ஒரே வரியில் சொல்லச் சொல்கிறீர்கள். ஃபிளெக்ஸ் பிளேட் எஞ்சினோடு போகும். டார்க் கன்வெர்ட்டர், அதாவது பிளேட்டின் சுற்றை எண்ணெய் வழியாகக் கியர் பாக்ஸுக்குக் கடத்தும் பாகம், கியர் பாக்ஸோடு போகும். இரண்டையும் மாட்டும் துளைகள் ஒத்துப்போக வேண்டும் என்பது தனிக் கணக்கு.

13 ஜூன்

துளை பொருந்தாததுதான் தவறைத் தடுக்கிறது என்று முதல் குறிப்பில் எழுதியதற்குக் காரணம், துளை பொருந்திய ஒரு வண்டியில் நான் பட்ட பாடு.

மேலப்பாளையத்திலிருந்து வளைகுடாவுக்குப் போய் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம். ஒரு கேப்ரிஸ் காரில் 350 எஞ்சினை மாற்றினோம். பழைய பிளேட்டின் ரிங் கியர் (ஸ்டார்ட்டர் கடிக்கும் விளிம்புப் பல்சக்கரம்) பல் தேய்ந்திருந்ததால், மூலையில் கிடந்த இன்னொரு பிளேட்டை எடுத்து மாட்டினேன். அதே ஆறு போல்ட், அதே 91 மி.மீ. வட்டம், அதே 168 பல். கையால் முறுக்கியபோதே கச்சிதமாக உட்கார்ந்தது. வண்டி ஐடிலில் அமைதியாக நின்றது. சாலையில் போனபோது ஸ்டீயரிங், சீட், கண்ணாடி எல்லாம் அதிர்ந்தன. கியர் பாக்ஸ் மவுண்டை மாற்றினேன். புரொபெல்லர் ஷாஃப்டைக் கழற்றிக் குறுக்குச் சிலுவைகளை மாற்றினேன். நான்கு நாட்கள் போயின. ஐந்தாவது நாள், கியரைப் போடாமல் நிறுத்தி வைத்து எஞ்சின் சுற்றை மட்டும் ஏற்றிப் பார்க்கும்படி வயதான ஒரு பாகிஸ்தானி மெக்கானிக் சொன்னார். நின்ற இடத்திலேயே அதே அதிர்வு வந்தது. நான்கு நாட்களும் தவறான பக்கத்தில் தேடியிருக்கிறேன்.

நான் மாட்டியது 400 எஞ்சினின் பிளேட். 1970 முதல் 1980 வரை வந்த அந்தச் சிறிய பிளாக் 400-இல் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் நகரும் தூரம், 3.75 அங்குலம்; 350-இல் அது 3.48 அங்குலம். நீண்ட ஸ்ட்ரோக்குக்கு வேண்டிய எதிரெடை கிராங்க் கேஸுக்குள் அடங்காததால், முன்பக்க டேம்பரிலும் (கிராங்கின் முன்முனையில் அதிர்வை அடக்கும் வட்டு) பின்பக்கப் பிளேட்டிலும் எடையைப் பிரித்து வைத்தார்கள். அதனால் 400-க்கு முன்னும் பின்னும் எடை வேண்டும். பழைய 350-க்கு இரண்டிலும் எடை கூடாது. போல்ட் வட்டமோ இரண்டுக்கும் ஒன்று. பிளேட்டின் பின்புறத்தில் பற்றவைத்த அந்தத் தகட்டை நான் கண்ணால் பார்த்திருந்தேன். எல்லாப் பிளேட்டிலும் அப்படித்தான் இருக்கும் போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

ஃபோர்டு 302-இல் இதே வலை இன்னும் மறைவாக விரிந்திருக்கிறது. முந்திய எஞ்சின்களுக்கு 28 அவுன்ஸ்-அங்குலம் (எடையை மையத்திலிருந்துள்ள தூரத்தால் பெருக்கிய அளவு), 1980-களின் தொடக்கத்திலிருந்து வந்தவற்றுக்கு 50 அவுன்ஸ்-அங்குலம். இரண்டுமே எடை வைத்த பிளேட். இரண்டும் ஒரே கிராங்கில் மாட்டும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எடையின் பருமன் வேறு என்பது தெரியும். 50-ஐ நம் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 3600 கிராம்-செ.மீ.; 28 என்பது சுமார் 2000.

17 ஜூன்

வால்வு கவர் போல்ட்டுகள் நடுவில் இருப்பதாகப் பாவூர்சத்திரத்துத் தம்பி படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். அப்படியானால் 1986 முதல் வந்த எடை வைத்த பிளேட்தான் வாங்க வேண்டும். வாங்கும் முன்பு மூன்றைச் சரிபார்க்கச் சொன்னேன். ரிங் கியர் 168 பல்லா, 153 பல்லா என்பது ஒன்று. முதலாவது சுமார் 14 அங்குலம், இரண்டாவது 12¾ அங்குலம். ஸ்டார்ட்டரின் போல்ட்டுகள் அதற்கேற்ற நிலையில் இருக்க வேண்டும் என்பது இரண்டு. கன்வெர்ட்டரின் போல்ட் வட்டம் 10¾ அங்குலமா, 11½ அங்குலமா என்பது மூன்று. சில பிளேட்டுகளில் இரண்டு வட்டத்துக்கும் துளை இருக்கும்.

முன்பக்க டேம்பரைப் பற்றிக் கேட்கிறார். இந்த 350-க்கு முன்பக்கம் எடை வேண்டாம். நடுநிலை டேம்பரே போதும். 400-இன் டேம்பர் வந்து சேராமல் பார்த்துக்கொண்டால் சரி.

படகு எஞ்சின் என்பதால் ஒரு கேள்வி. இரட்டை எஞ்சின் வைத்த படகுகளில் ஒன்று எதிர்த்திசையில் சுற்றும்படி இருப்பதுண்டு. அப்படிப்பட்டது காருக்கு ஆகாது. சுற்றுத் திசையைப் பார்த்துவிட்டீர்களா?

18 ஜூன்

பார்த்துவிட்டாராம், காரின் திசைதான். படகில் பிளேட்டின் இடத்தில் இருந்த கனமான சக்கரமான ஃபிளைவீலையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார்கள் என்று இப்போதுதான் சொல்கிறார். அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள் என்று உடனே போனில் சொன்னேன். இந்தக் கிராங்கோடு சேர்ந்து ஓடிய ஒரே சாட்சி அந்த ஃபிளைவீல்தான்.

26 ஜூன்

புதிய பிளேட் வந்துவிட்டது. ஃபிளைவீலையும் பிளேட்டையும் பேட்டையில் எனக்குப் பழக்கமான லேத் அண்ணாச்சியிடம் கொண்டுபோய், வரவேண்டிய எடைதான் வந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்தோம். இதற்கு எந்திரம் வேண்டியதில்லை. கிராங்க் நீளமானது, அதன் இரு முனைகளிலும் எடை வேறுவேறாக இருக்கலாம் என்பதால் அதைச் சுழற்றித்தான் அளக்க வேண்டும். பிளேட்டோ மெல்லிய வட்டு. அதை ஒரே தளமாகக் கொண்டு, நிறுத்தி வைத்தே அளந்துவிடலாம்.

இரண்டு மையத் துளைக்கும் பொருந்தும்படி ஒரு மாண்ட்ரல், அதாவது கோக்கும் தண்டு, கடைந்தார். ஃபிளைவீலையும் பிளேட்டையும் அதில் ஒன்றுக்கு ஒன்று நேரெதிராக, அதாவது போல்ட் அடையாளங்கள் 180 பாகை விலகி இருக்குமாறு கோத்தோம். இரண்டிலும் ஒரே அளவு எடை ஒரே இடத்தில் இருந்தால், எதிரெதிராக வைக்கும்போது ஒன்றை ஒன்று அழித்துவிடும். நன்றாக மட்டம் தீட்டிய இரண்டு எஃகுப் பட்டைகளை இணையாக நிறுத்தி, ரசமட்டத்தால் இருபுறமும் சரிபார்த்து, மாண்ட்ரலை அவற்றின் மேல் வைத்து விரலால் மெல்லத் தள்ளினோம். அது நாலு விரற்கடை உருண்டு, தயங்கி, திரும்பி வந்து நின்றது. மறுபடி தள்ளினாலும் அதே இடம்தான் கீழே வந்தது.

மேலே நின்ற பக்கத்தில், பிளேட்டின் விளிம்பையொட்டி, களிமண் உருண்டையை ஒட்டினோம். கிள்ளி எடுத்தோம், சேர்த்தோம். கடையில் மின்விசிறியை நிறுத்தியிருந்ததால் மூவருக்கும் வேர்த்துக் கொட்டியது. காற்றில்கூட அது அசைந்தது. முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு எந்த இடத்தில் விட்டாலும் அந்த இடத்திலேயே நின்றது. களிமண்ணைப் பக்கத்து நகைக்கடைத் தராசில் வைத்தால் 9 கிராம். மையத்திலிருந்து தூரம் 16 செ.மீ. ஆக 144 கிராம்-செ.மீ., ஏறத்தாழ 2 அவுன்ஸ்-அங்குலம். 3000 சுற்றில் இது 14 கிலோவுக்குச் சற்று மேல்.

7 கிராம் இரும்புத் துண்டு ஒன்றை வெட்டி அந்த இடத்தில் பற்றவைத்தோம். மீதி 2 கிராமை வெல்டிங் தானே சேர்த்துவிடும் என்று லேத் அண்ணாச்சி சொன்னார். மறுபடி உருட்டிப் பார்த்தபோது அப்படியே இருந்தது. பிளேட்டின் நடுப்பகுதி வளைந்து கொடுக்க வேண்டிய இடம் என்பதால் அங்கே துளையிடவோ பற்றவைக்கவோ கூடாது. ரிங் கியரை ஒட்டிய விளிம்பில்தான் செய்ய வேண்டும்.

27 ஜூன்

இரவெல்லாம் ஒன்று உறுத்தியது. ஃபிளைவீல்தான் சரி, பிளேட்தான் தவறு என்று எதை வைத்து முடிவு செய்தேன்? யாராவது அந்த ஃபிளைவீலை முன்பே கடைந்து அதன் எடையைக் குறைத்திருக்கலாம். இந்தக் கிராங்கோடு அது கடலில் ஓடியது என்பது மட்டுமே என் ஆதாரம். அந்த 7 கிராம் துண்டு தேவையா என்று வண்டி ஓடும்போதுதான் தெரியும். தேவையில்லை என்றால் கிரைண்டரால் எடுத்துவிடலாம். ஆகவே இடத்தைப் பெயின்ட்டால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.

பழைய பென்ஸ் 123 டீசல் வைத்திருப்பவர்களுக்கு இந்த முறை மிகவும் உதவும். அந்த நான்கு, ஐந்து சிலிண்டர் எஞ்சின்களில் கிராங்கும் ஃபிளைவீலும் சேர்த்தே பேலன்ஸ் செய்யப்பட்டவை. வேறு எஞ்சினின் பிளேட்டை மாட்டுவதற்கு முன், கழற்றிய பிளேட்டோடு இப்படி ஒப்பிட்டாக வேண்டும். கழற்றியதை எறிந்துவிட்டால் கிராங்கையே வெளியே எடுத்துக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோக வேண்டியதுதான்.

4 ஜூலை

ஆனித் தேரோட்டத்திற்காகப் பட்டறை இரண்டு நாள் பூட்டியிருந்தது. இன்று எஞ்சினை வண்டிக்குள் இறக்கினோம்.

கன்வெர்ட்டரைக் கியர் பாக்ஸில் முழுவதும் உட்கார வைத்தபின்பே எஞ்சினை நெருக்க வேண்டும். சுற்றிக்கொண்டே தள்ளும்போது டக், டக் என்று படிப்படியாக உள்ளே இறங்கும். பெல் ஹவுசிங்கை (கன்வெர்ட்டரை மூடும் கியர் பாக்ஸின் முன்கூட்டை) போல்ட்டால் இழுத்து மூடுவது பெரிய தவறு; தானாக மூட வேண்டும். மூடியபின் கன்வெர்ட்டருக்கும் பிளேட்டுக்கும் இடையே 3 முதல் 6 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். பிறகு கன்வெர்ட்டரை முன்னே இழுத்து மாட்ட வேண்டும். எங்களுக்கு 4 இருந்தது. பிளேட் போல்ட்டுகளை 60 அடி-பவுண்டுக்கு முறுக்கினோம். டயல் கேஜ் வைத்துப் பிளேட்டின் ஆட்டத்தையும் பார்த்தோம்.

கன்வெர்ட்டரை எந்தத் துளைக்கு எந்தத் துளை என்று பார்க்காமல் மாட்டலாம், அது நடுநிலையானது.

5 ஜூலை

நேற்றைய குறிப்பில் இரண்டு திருத்தங்கள். இடைவெளி 3 முதல் 5 மி.மீ. வரை என்று கொள்ளுங்கள்; அங்குலத்தில் 1/8 முதல் 3/16. 6 என்றால் கன்வெர்ட்டர் பம்பிலிருந்து அதிகம் வெளியே வந்துவிடும். அவசரத்தில் தவறாக எழுதினேன்.

இரண்டாவது, கன்வெர்ட்டர் நடுநிலையானது என்று பொதுவாகச் சொன்னது தவறு. இந்தச் செவர்லேக்கு அது சரி. கிரைஸ்லர் 360-இல் எதிரெடையைக் கன்வெர்ட்டரிலேயே பற்றவைத்திருப்பார்கள். பிளேட் நடுநிலையாக இருக்கும். அங்கே 318-இன் கன்வெர்ட்டரை 360-இல் மாட்டினால் அதிர்வு வரும். கன்வெர்ட்டர் கியர் பாக்ஸோடு போகும் என்று ஜூன் 10 அன்று நான் எழுதிய வரியும் அந்த வண்டிக்குப் பொருந்தாது. எந்த வண்டியானாலும் கழற்றும் முன்பு இரண்டிலும் பெயின்ட் கோடு போட்டுவிடுங்கள்.

9 ஜூலை

ஓடுகிறது. ஐடிலில் ஏர் கிளீனர் மேல் வைத்த எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் அசையவில்லை. ஆனால் 2200 சுற்றில் ஓர் அதிர்வு இருக்கிறது. 2600-இல் போய்விடுகிறது. 7 கிராமை நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

11 ஜூலை

நிற்கும்போதும் வருகிறது; ஆகவே புரொபெல்லர் ஷாஃப்டோ சக்கரமோ இல்லை. கீழ் மூடியைத் திறந்து, கன்வெர்ட்டரின் மூன்று போல்ட்டையும் கழற்றி, அதைப் பின்னே தள்ளிவிட்டு எஞ்சினைச் சில நொடிகள் மட்டும் ஓட்டினோம். அதிர்வு அப்படியே இருந்தது. கன்வெர்ட்டர் குற்றமற்றது. எஞ்சின், பிளேட், டேம்பர் மூன்றில் ஒன்று.

தம்பி அந்தத் துண்டைக் கிரைண்டரால் எடுத்துவிடலாம் என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் பிளேட்டின் எடைப்பிழை என்றால் சுற்று ஏற ஏற அதிர்வும் ஏறிக்கொண்டே போக வேண்டும். 2200-இல் வந்து 2600-இல் மறையாது. ஜூன் 10 அன்று நானே எழுதிய கணக்கு இது. இன்று கிரைண்டரைத் தொடவில்லை.

12 ஜூலை

கண்டுபிடித்தோம். வலப்பக்க எக்ஸாஸ்ட் பைப், கியர் பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில் தொட்டுக்கொண்டிருந்தது. படகு எஞ்சினின் எக்ஸாஸ்ட் நீரால் குளிர்வது. அதைக் கழற்றிவிட்டுப் பழைய காரின் மேனிஃபோல்டை மாட்டியதில் பைப் சற்றே கீழிறங்கியிருக்கிறது. ஒரு தாளை மடித்து இடையில் நுழைத்துப் பார்த்தேன், நுழையவில்லை. சட்டத்தில் பெயின்ட் போய் நகம் அளவுக்கு இரும்பு பளபளத்தது. கிளாம்பைத் தளர்த்திப் பைப்பை ஒரு விரல் அளவு தள்ளி முறுக்கினோம். 2200-இல் தம்ளர் அமைதியாக நின்றது. 3000 வரை ஏற்றினோம். தண்ணீரின் மேல் மெல்லிய வளையங்கள் மட்டுமே. 7 கிராம் அங்கேயே இருக்கும்.

15 ஜூலை

நான்கு சிலிண்டர் ஜீப்பின் அதிர்வையும் இப்படிப் போக்கலாமா என்று வள்ளியூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். உங்கள் எஞ்சினில் பெரும்பகுதி, பிஸ்டன்கள் ஏறி இறங்குவதால் கிராங்கின் சுற்றைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் வரும் அதிர்வு. கிராங்கிலோ பிளேட்டிலோ எந்த எடையை வைத்தாலும் அது போகாது. இரட்டை வேகத்தில் எதிரெதிராகச் சுற்றும் பேலன்ஸ் ஷாஃப்டுகள் இருந்தால்தான் போகும். மவுண்ட் ரப்பரை முதலில் பாருங்கள்.

22 ஜூலை

ஆலங்குளம் வழியாகத் திருநெல்வேலி வரை ஓட்டி வந்து காட்டினார். எஞ்சின் எண் மாறியிருப்பதால் தென்காசி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மனுக் கொடுத்து ஆர்.சி.யில் பதிந்துகொள்ளச் சொன்னேன். ஸ்டார்ட்டரில் மட்டும் ஒரு கீச்சொலி இருக்கிறது. அடியில் மெல்லிய தகடு வைத்துப் பல் இடைவெளியைச் சரிசெய்ய அடுத்த வாரம் வருகிறார்.

பழைய நடுநிலைப் பிளேட்டை என் பட்டறைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். "350, 85 வரை, எடை இல்லை" என்று வெள்ளைப் பெயின்ட்டால் எழுதியிருக்கிறது. யாருக்காவது இரண்டு துண்டுச் சீல் எஞ்சின் இருந்தால் கேளுங்கள், தருகிறேன்.